குகை ஏன் கீழே, அம்மாபேட்டை ஏன் மேலே? எங்கள் பேஸ்பால் லீக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு பத்துப் பேர் அமெரிக்க பேஸ்பாலை வைத்து லீக் நடத்துகிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். எங்களில் ஒருவர் சில வருடம் நியூ ஜெர்சியில் வேலை பார்த்துத் திரும்பியபோது இந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். மற்ற ஒன்பது பேரும் கிரிக்கெட்காரர்கள். அணிகளுக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. அவரவர் இருக்கும் இடம்தான் பெயர்: குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, ஜங்ஷன், அஸ்தம்பட்டி, அழகாபுரம், கொண்டலாம்பட்டி, கன்னங்குறிச்சி, ஐந்து ரோடு, அப்புறம் மலை மேலிருந்து ஏற்காடு.

லீக்கை நடத்தும் கமிஷனர் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதே கேள்விகள் வருகின்றன. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் புதுசு. இது என்ன ஆட்டம், சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இதற்கு ஃபேண்டஸி லீக் என்று பெயர். மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் நிஜ வீரர்களை, முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்கிறோம். உங்கள் வீரர் நிஜ ஆட்டத்தில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தால் உங்களுக்கு பாயிண்ட். உங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நாலு ரன் கொடுத்தால் பாயிண்ட் குறையும். வாரா வாரம் பத்து அணிகளும் ஐந்து ஜோடியாக மோதும். யாருக்குக் கூட்டுத்தொகை அதிகமோ அவருக்கு ஒரு வெற்றி. அவ்வளவுதான்.

டேபிளில் மேலே இருக்கிற அணிதானே நல்ல அணி? வாரா வாரம் குரூப்பில் தனியாக ஒரு ரேங்கிங் போடுவது எதற்கு?

டேபிள் சொல்வது நடந்ததை. ரேங்கிங் சொல்வது பலத்தை. இரண்டும் பல நேரம் ஒத்துப்போகும், சில நேரம் ஒத்துப்போகாது.

நிஜ பேஸ்பாலிலேயே பாருங்கள். 2001-ல் சியாட்டில் மரினர்ஸ் 162 ஆட்டத்தில் 116 ஜெயித்தது. கடைசியில் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடருக்கே போகாமல் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வீட்டுக்குப் போனது. 2006-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83 ஆட்டம் மட்டும் ஜெயித்து, தட்டுத்தடுமாறி ப்ளே ஆஃபுக்குள் வந்து, கோப்பையையே தூக்கியது. 116 ஜெயித்தது மோசமான அணி என்று யாராவது சொல்வார்களா?

1993 இன்னும் கொடுமை. சான் ஃபிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் 103 ஆட்டம் ஜெயித்தும் ப்ளே ஆஃபில் இடமில்லை, ஏனென்றால் அதே பிரிவில் அட்லாண்டா 104 ஜெயித்துவிட்டது. பிரிவில் இரண்டாவதாக வந்தவர் நுழையும் வைல்டு கார்டு வழி அப்போது கிடையாது.

அண்ணா, இந்த வாரம் பத்து அணியில் நான்தான் இரண்டாவது அதிக பாயிண்ட். ஆனாலும் தோல்வி. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் நடக்கிற ஆட்டத்துக்கு இங்கே எனக்கு ரத்தக் கொதிப்பு. இது நியாயமா?

கேட்டவர் குகைக்காரர். அவர் 418 எடுத்த வாரம் ஜங்ஷன் 431 எடுத்துவிட்டது. அதே வாரம் அம்மாபேட்டை 287 எடுத்து, 271 எடுத்த கொண்டலாம்பட்டியை ஜெயித்தது. டேபிளில் அம்மாபேட்டைக்கு ஒரு வெற்றி, குகைக்கு ஒரு தோல்வி. வயிறு எரியத்தான் செய்யும்.

இதற்குத்தான் ‘எல்லாரும் எல்லாரோடும்’ கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் உங்கள் பாயிண்டை மற்ற ஒன்பது பேரின் பாயிண்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. குகைக்கு அந்த வாரம் 8 வெற்றி 1 தோல்வி. அம்மாபேட்டைக்கு 1 வெற்றி 8 தோல்வி. இதை வாரா வாரம் கூட்டிக்கொண்டே போனால், எதிராளி யார் என்ற அதிர்ஷ்டம் கழிந்து அணியின் பலம் மட்டும் மிஞ்சும்.

எங்கள் முதல் 18 வாரத்துக்கு இப்படி 18 பெருக்கல் 9, ஆக 162 ஒப்பீடு வருகிறது. மேஜர் லீக்கில் ஒரு அணி ஒரு சீசனில் ஆடுவதும் 162. தற்செயல்தான், ஆனால் எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

கணக்கு எளிதாக இருக்க எண்களை வட்டமாக்கித் தருகிறேன். 18 வாரத்தில் குகை 162-ல் 108 ஒப்பீட்டை ஜெயித்திருந்தால் அது மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் நியாயப்படி 18-ல் 12 வெற்றி வந்திருக்க வேண்டும். வந்தது 9. அம்மாபேட்டை ஜெயித்தது 72 ஒப்பீடு, நியாயப்படி 8 வெற்றி. வந்தது 11. குகைக்கு மூன்று பற்றாக்குறை, அம்மாபேட்டைக்கு மூன்று இனாம்.

மூன்று வெற்றி வித்தியாசமா? அப்படியானால் ஷெட்யூலில் ஏதோ கோளாறு இருக்கிறது.

இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தை 18 தடவை சுண்டிப் பாருங்கள். சராசரியாக 9 தலை விழ வேண்டும். ஆனால் 12 அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கு ஏறத்தாழ 12 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பத்துப் பேர் தனித்தனியாகச் சுண்டினால், அவர்களில் ஒருவருக்காவது அப்படி விழ 70 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. ஆக, பத்து அணி லீக்கில் பல வருடங்களில் யாரோ ஒருவர் மூன்று வெற்றி இனாம் வாங்குவார், யாரோ ஒருவர் மூன்றைப் பறிகொடுப்பார். ஷெட்யூலில் கோளாறு இல்லாவிட்டாலும் அது நடக்கும். 18 வாரம் என்பது மிகக் குறைவு.

பித்தகோரஸ் சூத்திரம் என்று பேஸ்பாலில் ஒன்று இருக்கிறதாமே, அதை ஏன் போடுவதில்லை?

பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் கண்டுபிடித்தது. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எவ்வளவு ஜெயித்திருக்க வேண்டும் என்ற விகிதம் கிடைக்கும். 800 ரன் எடுத்து 700 கொடுத்த அணிக்கு 0.566, அதாவது 162-ல் சுமார் 92 வெற்றி. பள்ளிக்கூடச் செங்கோண முக்கோணத்தோடு இதற்கு உறவில்லை, வர்க்கம் வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

ஏன் நமக்கு ஒத்துவராது என்றால், நிஜ ஆட்டத்தில் கொடுத்த ரன் என்பது உங்கள் பிட்சர், உங்கள் ஃபீல்டிங் சம்பந்தப்பட்டது. பாதித் திறமை அதில் இருக்கிறது. நம் லீக்கில் தற்காப்பே கிடையாது. ஜங்ஷன்காரர் 431 எடுப்பதைத் தடுக்க குகைக்காரரால் ஒன்றுமே செய்ய முடியாது, வேண்டிக்கொள்ளலாம். ‘எனக்கு எதிராக எடுத்த பாயிண்ட்’ என்ற பத்தி முழுக்க முழுக்க அதிர்ஷ்டம். அதைச் சூத்திரத்துக்குள் போட்டால் எதைக் கழிக்க நினைத்தோமோ அதையே திரும்பக் கூட்டியதாகிவிடும். ஃபேண்டஸி லீக்குக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போட்டு ரேங்கிங் தருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அப்போ ‘எல்லாரும் எல்லாரோடும்’ கணக்கையே டேபிளாக்கிவிடலாமே? ஷெட்யூலே வேண்டாமே?

ஆக்கலாம். அதுதான் அதிக நியாயமும்கூட. சொல்லப்போனால் இந்த ஆட்டம் பிறந்ததே கிட்டத்தட்ட அப்படித்தான். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் நண்பர்களோடு நியூயார்க்கில் ஆரம்பித்த லீக்கில் ஜோடி மோதலே கிடையாது. ஹோம் ரன், திருடிய பேஸ் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) போன்ற ஒவ்வொன்றிலும் எல்லா அணிகளையும் வரிசைப்படுத்தி பாயிண்ட் கொடுத்தார்கள். அவர்கள் கூடிய ரெஸ்டாரன்டின் பெயரை ஒட்டி அந்த முறைக்கு ரோட்டிசரி என்று பெயர். ஷெட்யூல் இல்லை, ஆகவே ஷெட்யூல் பற்றிய சண்டையும் இல்லை.

ஆனால் இந்த வாரம் அழகாபுரத்தை நான் அடித்தேன் என்று டீக்கடையில் சொல்ல முடியாது. ஓட்டுக்கு விட்டேன், பத்தில் எட்டுப் பேர் ஜோடி மோதல்தான் வேண்டும் என்றார்கள். அந்த எட்டுப் பேரில் குகைக்காரரும் உண்டு.

அதற்குப் பதிலாக ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறோம். ப்ளே ஆஃபுக்கு ஆறு அணி. முதல் ஐந்து டேபிள்படி. ஆறாவது இடம், மிச்சமிருக்கும் ஐந்து அணிகளில் மொத்த பாயிண்ட் யாருக்கு அதிகமோ அவருக்கு. பலம் இருந்தும் ஷெட்யூலில் அடிபட்டவர் அந்த வழியாக உள்ளே வரலாம்.

ஷெட்யூலை நீங்கள்தானே போடுகிறீர்கள்? உங்களுக்கு வேண்டிய மாதிரி போட மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

நான் போடுவதில்லை, சக்கரம் போடுகிறது. பத்துச் சீட்டில் பெயர் எழுதி, மேலே ஐந்து, கீழே ஐந்தாக மேஜையில் எதிரெதிரே வையுங்கள். எதிரெதிரே இருப்பவர்கள் முதல் வாரம் மோதுவார்கள். பிறகு ஒரே ஒரு சீட்டை அசைக்காமல் வைத்துவிட்டு மற்ற ஒன்பதையும் ஒரு இடம் சுற்றி நகர்த்துங்கள், இரண்டாம் வாரம் தயார். ஒன்பது வாரத்தில் எல்லாரும் எல்லாரையும் ஒரு முறை சந்தித்து முடிப்பார்கள். எந்தச் சீட்டு எங்கே என்பதை மட்டும் எல்லார் முன்னாலும் குலுக்கிப் போடுகிறோம்.

இரண்டாம் சுற்றும் அதே வரிசை. ஒரு வருடம் வித்தியாசமாக இருக்கட்டும் என்று வரிசையைத் தலைகீழாக்கினேன். ஒன்பதாம் வாரமும் பத்தாம் வாரமும் எல்லாருக்கும் அதே எதிராளி! அப்போது உச்சத்தில் இருந்த அஸ்தம்பட்டியிடம் ஐந்து ரோடு அடுத்தடுத்து இரண்டு வாரம் உதை வாங்கியது. அதே வரிசையில் போனால் எந்த இருவருக்கும் இடையில் சரியாக ஒன்பது வாரம் இடைவெளி கிடைக்கும், காயம்பட்ட வீரர் திரும்பி வர நேரமும் கிடைக்கும்.

சரி, 18 வாரம் ஆயிற்று. மீதி மூன்று வாரம் யாரோடு மோதுவது?

சண்டையின் ஊற்றுக்கண் இதுதான். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சீசன். தொடக்கத்தின் அரைகுறை வாரத்தையும், ஜூலையில் ஆல் ஸ்டார் இடைவேளை (நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்கான விடுப்பு) வரும் வாரத்தையும் அடுத்த வாரத்தோடு சேர்த்துவிடுகிறோம். கடைசி வாரத்தையும் ஒதுக்கிவிடுகிறோம், அப்போது பெரிய அணிகள் நட்சத்திர வீரர்களை உட்கார வைத்துவிடும். ப்ளே ஆஃபுக்கு மூன்று வாரம் போக 21 மிஞ்சும். 18 போனால் மூன்று.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. ஐபிஎல்லில் பத்து அணி, ஆளுக்கு 14 ஆட்டம். ஐந்து அணிகளோடு இரண்டு முறை, நான்கு அணிகளோடு ஒரே முறை. யாரோடு இரண்டு முறை என்பதில்தான் விதி இருக்கிறது. நம் டிஎன்பிஎல்லில் எட்டு அணி, எல்லாரோடும் ஒரு முறை, ஏழு ஆட்டம், பிரச்சினையே இல்லை. மேஜர் லீக்கில் முன்பு ஒரு அணி தன் பிரிவில் உள்ள நான்கு அணிகளோடு தலா 19 ஆட்டம் ஆடும், 162-ல் 76 அங்கேயே போய்விடும். பலவீனமான பிரிவில் பிறந்த அணிக்குக் கொண்டாட்டம். 2023-ல் அதைத் தலா 13 ஆக, மொத்தம் 52 ஆகக் குறைத்து, எல்லா 29 அணிகளோடும் ஆட வைத்தார்கள்.

நாங்கள் முதல் வருடம் பக்கத்து ஏரியா ஜோடி என்று வைத்தோம். செவ்வாய்ப்பேட்டைக்கு அந்த வருடத்தின் மிகப் பலவீனமான அணி எதிராளியாக மூன்று முறை கூடுதலாகக் கிடைத்தது, ப்ளே ஆஃப் சீட்டும் கிடைத்தது. அடுத்த வருடம் குலுக்கல். சண்டை குறைந்தது, அநியாயம் குறையவில்லை. அநியாயத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

இப்போது அந்த மூன்று வாரமும் எதிராளியே கிடையாது. பாயிண்டில் முதல் ஐந்து பேருக்கு வெற்றி, கடைசி ஐந்து பேருக்குத் தோல்வி. நான் கமிஷனராகச் செய்ததிலேயே உருப்படியான காரியம் இது என்பேன்.

இந்த வருடம் எனக்குத்தான் கஷ்டமான ஷெட்யூல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எப்படிப் போட்டீர்கள் என்று தெரியும். உங்கள் எதிராளிகளின் வெற்றி தோல்வியைக் கூட்டியிருப்பீர்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் நிறையத் தோற்றால், உங்களை ஜெயித்த வெற்றிகள் அவர்கள் கணக்கில் ஏறி, அவர்கள் பலசாலியாகத் தெரிவார்கள். உங்களோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

கழித்த பிறகும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். எல்லாரும் எல்லாரோடும் இரண்டு முறை ஆடினாலும் ஷெட்யூல் முற்றிலும் சமம் ஆகாது. ஏனென்றால் யாரும் தன்னோடு ஆடுவதில்லை. பலமான அணிக்கு அந்தப் பலமான அணியை எதிர்க்க வேண்டிய கஷ்டம் இல்லை. கடைசி அணிக்குக் கடைசி அணியை அடிக்கும் வசதி இல்லை. இதற்கு மருந்து கிடையாது.

ஒரு வாரம் என் பிட்சர்கள் எல்லாருக்கும் இரண்டு ஆட்டம், எதிராளிக்கு ஒன்று. இது?

தொடக்கப் பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை வீசுவார், ஆகவே சில வாரம் இரண்டு முறை வரும். நிஜ அணியே ஒரு வாரம் ஐந்து ஆட்டம், ஒரு வாரம் ஏழு ஆட்டம் ஆடும். மழை வந்தால் தள்ளிப்போகும், நியூயார்க் மழைக்கு நான் பொறுப்பில்லை. வாரத்துக்கு எட்டுப் பிட்சர் ஆட்டம்தான் கணக்கில் வரும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறோம். அது இல்லாதபோது தினமும் புதுப் பிட்சரை எடுத்து, வீச வைத்து, கழற்றிவிடுவதே ஒருவருக்குத் தொழிலாக இருந்தது.

விடியற்காலை நாலரைக்கு யார் எழுந்து லைன்-அப் (களத்தில் இறக்கும் வீரர் பட்டியல்) மாற்றுவது?

நியூயார்க்கில் இரவு 7:05 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4:35. லாஸ் ஏஞ்சல்ஸில் இரவு 7:10 என்றால் இங்கே காலை 7:40. முதல் வருடம் ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்வரை மாற்றலாம் என்று இருந்தது. நைட் ஷிஃப்ட் ஐடி வேலையில் இருக்கும் அஸ்தம்பட்டிக்காரருக்கு அது பகல் மாதிரி. காலையில் கடை திறக்கும் செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குத் தூக்க நேரம். ஏற்காட்டில் மழைக் காற்றடித்தால் கரண்ட், சிக்னல் இரண்டும் போய்விடும். ஷெட்யூல் எவ்வளவு சமமாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே திங்கள் இரவு 8 மணி, வெள்ளி இரவு 8 மணி, இரண்டே தடவை பூட்டு. 9 மணி வைத்தால் போதாதா என்றால் போதாது. ஏப்ரல் மூன்றாம் திங்கள் பாஸ்டனில் விடுமுறை ஆட்டம் காலை 11 மணி சுமாருக்கே தொடங்கும், நமக்கு அது இரவு எட்டரை தாண்டிய நேரம். வார முடிவு திங்கள் காலை எட்டு மணிவாக்கில்தான் தெரியும், ஞாயிறு இரவு ஆட்டம் அப்போதுதான் முடிகிறது. அதற்கு முன் என்னைக் கூப்பிட வேண்டாம்.

ஆடி மாதம் பாதிப் பேர் அணியையே மறந்துவிடுகிறார்களே?

உண்மை. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, வீட்டில் கூழ், விருந்தாளி. இந்த நேரத்தில் லைன்-அப் யார் பார்ப்பது? ஆனால் கைவிட்ட அணியை எதிர்ப்பவருக்கு இனாம் வெற்றி. ஜூனில் அதே அணியோடு முழு பலத்தில் மோதித் தோற்றவருக்கு அநியாயம். இரண்டு வாரம் தொடர்ந்து காயப் பட்டியல் வீரர் உள்ளே கிடந்தால், பெஞ்சில் உள்ளவர்களில் அதிக பாயிண்ட் எடுத்தவரை நான் உள்ளே போடுவேன், குரூப்பில் சொல்லிவிட்டுத்தான். கடைசி நாலு அணிக்கும் செப்டம்பரில் தனிப் போட்டி, அதில் ஜெயிப்பவர் அடுத்த வருடத் தேர்வில் முதல் ஆளை எடுக்கலாம். அது வந்த பிறகு யாரும் அவ்வளவாகக் கைவிடுவதில்லை.

இரண்டு பேர் சமமாக இருந்தால்?

மொத்த பாயிண்ட். நேருக்கு நேர் முடிவைப் பார்க்கச் சொல்கிறார்கள், ஆனால் அது இரண்டே வாரக் கதை, மொத்த பாயிண்ட் 21 வாரக் கதை.

மேஜர் லீக் 2022-லிருந்து நேருக்கு நேர் முடிவைத்தான் பார்க்கிறது, முன்பிருந்த கூடுதல் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதன் விளைவை 2024-ல் பார்த்தோம். புயலால் தள்ளிப்போன இரண்டு ஆட்டங்களை நியூயார்க் மெட்ஸும் அட்லாண்டாவும் சீசன் முடிந்த மறுநாள், செப்டம்பர் 30 அன்று ஆடின. ஆளுக்கு ஒன்று ஜெயித்தார்கள், இருவரும் உள்ளே. அரிசோனாவுக்கும் அதே 89 வெற்றி, 73 தோல்வி. ஆனால் தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு, டிவி பார்த்தபடியே வெளியேறியது. 2024 மே மாதம் சென்னை 14 பாயிண்டோடு பெங்களூரிடம் நெட் ரன் ரேட்டில் போனதை மறக்காதவர்களுக்கு அரிசோனாவின் நிலை புரியும்.

வாரா வாரம் குரூப்பில் போடும் ரேங்கிங்கில் என்ன சேர்க்கிறீர்கள்?

‘எல்லாரும் எல்லாரோடும்’ கணக்கு முழு சீசனுக்கும், அதே கணக்கு கடைசி நாலு வாரத்துக்கும், பாதிக்குப் பாதி. என் சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லை. அந்த ரேங்கிங்கால் யாருக்கும் ப்ளே ஆஃப் சீட்டு கிடைக்காது, திட்டுவதற்கு மட்டும் பயன்படும்.

விதியை இந்த சீசனிலேயே மாற்ற முடியாதா? எல்லாருக்கும் சம்மதம் என்றால்கூட?

முடியாது. ஆகஸ்டில் ஒரு விதி மாற்றக் கேட்பவர் யார் என்று டேபிளைப் பார்த்தாலே தெரியும். மார்ச் முதல் வாரம் ஓட்டு, ஆறு பேர் கை தூக்கினால் மாற்றம்.

பணம் உண்டா?

கிடையாது. நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது, நாங்கள் அதற்கு முன்பும் வைத்ததில்லை. இறுதி ஆட்டம் முடிந்த ஞாயிறு எல்லாரும் வேனில் ஏற்காடு போவோம், செலவு அவரவருடையது. சாம்பியனுக்கு முன் சீட்டு. கடைசி இடத்தில் முடித்தவர் பின் சீட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும். போன தடவை அங்கே உட்கார்ந்தவர் நான்தான், எலுமிச்சம்பழம் மறக்காமல் எடுத்துப் போங்கள்.